குடிக்காத பத்து ஆண்டுகளை நாம் ஏன் கொண்டாடுகிறோம்?

சில மாதங்களுக்கு முன் காஞ்சிபுரத்தில் ஒரு சின்னக் கூட்டம் நடத்தினோம். இரவுப் பாடசாலை நடக்கும் அறைதான். முப்பது பேர் இருந்திருப்போம். பட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் அண்ணன் ஒருவர் குடியை நிறுத்திப் பத்து ஆண்டுகள் நிறைவடைந்த நாள் அது. அவருடைய துணைவியார் கேசரி கிளறிக்கொண்டு வந்தார். மகள் கேக் வாங்கி வந்திருந்தாள். அண்ணன் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. "நான் விட்டேன்னு சொல்றாங்க. நான் எங்க விட்டேன், இவங்க என்னைப் புடிச்சிக்கிட்டாங்க" என்று எங்களைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. கல்லூரியில் படிக்கும் இரண்டு தம்பிகள் கேட்டார்கள்: "சேரி என்றாலே குடி என்று ஊர்க்காரன் சொல்கிறான். நாமே பேனர் வைத்து, பாருங்கள், எங்களில் ஒருவர் குடிக்கவில்லை என்று காட்டினால் அவன் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகாதா? குடியை விடு, சுத்தமாக இரு, அப்புறம் கோயிலுக்கு வா என்று சொன்னவர்களின் பாட்டைத்தானே நாமும் பாடுகிறோம்?" நியாயமான கேள்வி. அன்று இரவு எங்களிடம் சரியான பதில் இல்லை. அதன் பிறகு படித்ததையும் பேசியதையும் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் 'சேரி என்றால் குடி' என்பதை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தின் சாராயக்கடையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்றை எழுதியவர் ஒரு மன்னர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நாடகம் காஞ்சித் தெருக்களில்தான் நடக்கிறது. சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் போதையில் தள்ளாடி வருகிறார்கள். சாராயக்கடையைப் பார்த்ததும் அவனுக்கு அது யாகசாலையாகவே தெரிகிறது. அந்தக் காஞ்சியில் குடிப்பவன் சிவனடியான். குடிக்க ஆசைப்பட்டு உள்ளுக்குள் ஏங்குபவர் ஒரு பௌத்த பிக்கு. சேரிக்காரன் எங்கும் இல்லை. அரசவையில் நகைச்சுவையாக இருந்த குடி, பின்னாளில் நம் தெருவுக்கு வந்ததும் 'சாதிக் குணம்' ஆகிவிட்டது. இன்றைய கணக்கும் அதையேதான் சொல்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். அந்த நான்கில் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்.

நம் தெருவுக்குக் குடி எப்படி வந்தது என்பதற்குத் தனி வரலாறு உண்டு. சாவுக்குப் பறையடிக்கப் போனவருக்குக் கூலியில் ஒரு பங்கு சாராயமாகவே கொடுக்கப்பட்டது. பிணம் தூக்கவும், குழி வெட்டவும், செத்த மாட்டை அப்புறப்படுத்தவும் அப்படித்தான். நிதானத்தோடு எவரும் செய்ய விரும்பாத வேலையை மற்றவர் தலையில் கட்டியவர்கள், நிதானத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன் வரலாற்றில் இதே தந்திரத்தை விவரிக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அடிமைகள் நிதானமாக இருப்பதை எஜமானர்கள் விரும்பவில்லை. குடித்து விழவே தூண்டினார்கள். ஓய்ந்திருக்கும் மனிதன் தப்பிக்க யோசிப்பான் அல்லவா? அதே 1845இல் அயர்லாந்து சென்ற டக்ளஸ், பாதிரியார் மேத்யூவின் முன் மது அருந்துவதில்லை என்று உறுதிமொழி எடுத்தார். அவருக்கு அது விடுதலைப் போரின் ஒரு பகுதி.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்கீர் நம் மக்களைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தம்பிகள் பஞ்சமி நில விவகாரத்தில் படித்திருப்பீர்கள். அன்று காஞ்சிபுரம் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, கடனுக்கு அடிமை என்பவைதான் அவர் கண்ட நோய்கள். குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

இனி தம்பிகளின் இரண்டாவது கேள்வி: குடிக்காமல் இருப்பது யாருடைய பாட்டு?

மணிமேகலை காப்பியம் காஞ்சியில்தான் முடிகிறது. பசியால் வாடிய காஞ்சிக்கு அமுதசுரபியோடு வந்தவள், அறவண அடிகளிடம் அறம் கேட்டு இங்கேயே நோன்பு மேற்கொள்கிறாள். 640 வாக்கில் இந்நகரைக் கண்ட சீனத் துறவி யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட சங்காராமங்களும் பத்தாயிரம் துறவிகளும் இங்கு இருந்ததாக எழுதியுள்ளார். பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் ஐந்தாவது, மதி மயக்கும் பொருளைத் தவிர்ப்பது. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோதும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோதும், நாம் பூர்வ பௌத்தர்கள் என்று வாதாடினார். அந்த வாதத்தின் வரலாற்று ஆதாரங்களைப் பற்றி ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். நமக்கு முக்கியம் வேறு. ராயப்பேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் சங்கத்தில் கூடியவர்களுக்குப் பஞ்சசீலம் என்பது மேல்சாதியிடம் கடன் வாங்கிய ஒழுக்கம் அல்ல. தங்களிடமிருந்து பறிக்கப்பட்டதை மீட்பதாகவே அவர்கள் அதைக் கண்டார்கள்.

காந்தி 1933–34 அரிசனச் சுற்றுப்பயணத்தில் சேரிகளுக்கு வந்து குடியை விடுங்கள், செத்த மாட்டிறைச்சியை விடுங்கள் என்றார். தம்பிகள் வெறுக்கும் பாட்டு இதுதான். இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1927 டிசம்பரில் மகாடில் அண்ணல் அம்பேத்கர் நம் பெண்களிடம் பேசினார். கணவனோ மகனோ குடித்துவிட்டு வந்தால் அவர்களுக்குச் சோறு போடாதீர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆனால் முதலாவதில் நம்மைத் தீர்ப்பளிக்கும் ஒருவர் வெளியே நிற்கிறார். இரண்டாவதில் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் கையில் அதிகாரம் தரப்படுகிறது. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோர் ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அதைக் குடித்தவரும் சொன்னார், வாழ்நாளில் தொடாதவரும் சொன்னார், பாட்டியும் பேத்தியும் சொன்னார்கள். குடிகாரர்களைத் தனியாக நிறுத்தி யாரும் சத்தியம் வாங்கவில்லை. இதுதான் எங்களுக்குப் பிடித்த இடம்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. இந்தக் காஞ்சியில் பிறந்த அண்ணா முதல்வராக இருந்தவரை அதைத் தளர்த்த மறுத்தார். 1971 ஆகஸ்ட் இறுதியில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது, 1974க்குள் மறுபடி வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கையில். மதுவால் வரும் வருவாய் 2023–24இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்குத் தெரியும். கடையை மூடச் சொல்லும் போராட்டத்தில் நாங்கள் நிற்கிறோம், இனியும் நிற்போம். ஆனால் கடை திறந்தபோதும் மூடியபோதும் ஏற்கெனவே குடிநோயில் விழுந்தவரைத் தூக்கிவிட யார் இருந்தார்கள் என்ற கேள்வி இந்த ஆண்டுக் கணக்கில் எங்கும் இல்லை. எய்ம்ஸ் நடத்திய 2019 தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவர்.

தூக்கிவிட்டவர்களின் வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பங்குச்சந்தைத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்தார்கள். இருவரும் குடிநோயாளிகள். இன்னொரு குடிநோயாளியோடு பேசிக்கொண்டிருந்தால் தன்னால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதைத் தரகர் கண்டுகொண்டார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏஏ குழு அப்படிப் பிறந்தது. கட்டணம் இல்லை. பெயர் மட்டும் சொன்னால் போதும். "எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டே பேச்சைத் தொடங்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமல்ல. குடிக்காத ஆண்டுகளைப் 'பிறந்தநாள்' என்று கொண்டாடும் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான்.

தமிழ்நாட்டில், முன்னாள் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி குடும்பத்தைச் சேர்ந்த ரங்கநாதன் குடியால் இளம் வயதில் இறந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். (சேரிக் குணம் என்பவர்களிடம் இந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லுங்கள்.) அந்த மையம் பின்னர் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தியது. ஊரே இடம் கொடுத்து, சோறு போட்டு, முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து கவனித்தது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை கனடாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆல்கலி லேக் என்ற பூர்வகுடிக் கிராமம். வெள்ளையர் நிலத்தைப் பறித்து, பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோன பிறகு ஏறக்குறைய ஊரே குடியில் கிடந்தது. 1972இல் பில்லிஸ் செல்சி என்ற பெண்ணின் மகள், அம்மா குடிக்கும்வரை உன்னோடு வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். பில்லிஸ் நிறுத்தினார். பிறகு கணவர் ஆண்டி. நீண்ட நாட்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். ஒருவர் சிகிச்சைக்குப் போனால் அவருடைய பிள்ளைகளை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள், அவர் திரும்புவதற்குள் வீட்டைச் சீர்செய்து வைத்தார்கள். 1980களின் நடுவில் அந்த ஊரின் பெரும்பாலோர் குடியை விட்டிருந்தார்கள்.

காஞ்சியில் நாங்கள் செய்வது இவ்வளவு பெரிதல்ல. பெரும்பாலும் தவறு செய்து கற்றுக்கொண்டதுதான். ஆரம்பத்தில் ஒருவரிடம் "இன்றோடு நிறுத்துங்கள்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினோம். மூன்றாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரும், உயிரே போகலாம் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தோம், இது தெரியவில்லை. இப்போது முதல் வேலை மருத்துவமனைதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மற்றது என்றால் என்ன? சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் நாளில் யாராவது ஒருவர் கூடவே வீடுவரை நடப்பது. மழைக்காலத்தில் குழித்தறியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுவிடும். கையில் வேலையும் இல்லை, காசும் இல்லை, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் தலைக்கு மேல். எங்கள் அனுபவத்தில் மறுபடி குடித்தவர்களில் பலர் அந்த மாதங்களில்தான் விழுந்தார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை நடக்கும் சந்திப்பை இரண்டாக்கினோம். சாவு வீட்டுக்குப் பறையடிக்கப் போகமாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்தபோது அந்த மாத வருமானக் குறைவைச் சமாளிக்கக் குழுவில் பணம் திரட்டினோம். விழுந்தவர் திரும்பி வந்தால் ஏன் விழுந்தாய் என்று கேட்பதில்லை, டீ கொடுக்கிறோம்.

பத்து ஆண்டு முடித்த அண்ணன் இதில் இரண்டு முறை விழுந்தவர். அவருடைய கணக்கு மூன்றாவது முறை எழுந்த நாளிலிருந்து தொடங்குகிறது. கோர்வைச் சேலை நெய்பவர் அவர். உடலும் கரையும் வெவ்வேறு நிறம், தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் தறியில் பாதியில் நின்ற சேலையைப் பக்கத்து வீட்டு அக்கா தன் தம்பியோடு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். அந்தக் கூலி அண்ணன் வீட்டுக்குத்தான் போனது. அந்த அக்காவும் கூட்டத்துக்கு வந்திருந்தார். பேனரில் அவர் பெயர் இல்லை. அது எங்கள் தவறு.

தம்பிகள் இருவரிடமும் இதையெல்லாம் சொன்னோம். முழுக்க ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டோம். பேனர் வேண்டாம் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறார்கள். ஒருவிதத்தில் அதுவும் சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. வரும் மாதம் இன்னொருவருக்கு ஓராண்டு நிறைகிறது. அவர் தன் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கூலி நாளில் அவரோடு வீடுவரை நடப்பது இப்போது அந்த இரண்டு தம்பிகளில் ஒருவர்தான்.