இரவல் நட்சத்திரம்

சென்ற வருஷம் மும்பைக்குப் போகும் ரயிலில் என் எதிர் ஆசனத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ராய்ச்சூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். சென்னையில் வெகுகாலம் உத்தியோகம் பார்த்தவராகையால் தமிழ் தாராளமாக வந்தது. நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும், "எங்கள் ஊருக்கு ஒரே ஒரு வருஷம் சொந்தமாக ஒரு நட்சத்திரம் இருந்தது, ஸார். அப்புறம் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார்.

கதாசிரியனிடம் கதை விடுகிறார் என்றே நினைத்தேன். விசாரித்ததில், அவர் சொன்னதில் நட்சத்திரம் என்ற ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் நிஜம் என்று தெரிந்தது.

அந்த நட்சத்திரத்தின் பெயர் ஏ.டி.எஸ்.-6. அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம் 1974-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி ஆகாயத்தில் ஏவிய செயற்கைச் சந்திரன். அதற்கு முப்பது அடி அகலத்தில் ஒரு குடை உண்டு. ஏவும்போது சுருட்டி வைத்து, மேலே போனதும் விரியும்படி செய்திருந்தார்கள். அதன் விசேஷமே இந்தக் குடைதான். ஆகாயத்தில் இருக்கும் குடை பெரிதானால், பூமியில் வாங்கிக்கொள்ளும் கருவி சிறிதாகவும் மலிவாகவும் இருக்கலாம். நடுவில் பெரிய டெலிவிஷன் நிலையம் எதுவும் இல்லாமலே, ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடக் கூரைக்கு நேராகப் படம் அனுப்பலாம்.

இப்படிப்பட்ட சாமானை நமக்கு எதற்காக இரவல் கொடுத்தார்கள்? வெறும் தர்ம சிந்தனை என்று சொல்ல மாட்டேன். இந்த முறை பலிக்குமா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு பெரிய தேசம் வேண்டியிருந்தது. அதுவும் டெலிவிஷன் அதிகம் பரவாத தேசமாக இருக்க வேண்டும். 1969-ல் இந்தியாவில் டில்லி ஒன்றில்தான் டெலிவிஷன் இருந்தது. நம் பக்கத்தில் விக்ரம் சாராபாய் இருந்தார். ராக்கெட்டும் சந்திரனும் ஏழை நாட்டுக்கு ஆடம்பரம் என்று சொன்னவர்களுக்கு அவர் அளித்த பதில், ஏழை நாட்டுக்குத்தான் அவை அவசியம் என்பது. ஊர் ஊராகக் கம்பி இழுத்துக் கோபுரம் கட்டிக்கொண்டு போனால் எத்தனை காலம் ஆகும்? ஆகாயத்திலிருந்து ஒரே நாளில் கொடுக்கலாமே!

1969 செப்டம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. பணம் கைமாறவில்லை. சந்திரனும் அதை ஓட்டும் பொறுப்பும் அவர்களுடையவை. பூமியில் உள்ள சகலமும் நம்முடையவை. நிகழ்ச்சியில் என்ன சொல்வது என்பது முழுக்க நம் பாடு, அதில் அவர்கள் தலையிடக் கூடாது. ஒப்பந்தத்திலே எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து இதுதான்.

சாராபாய் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1971 டிசம்பர் 30-ந் தேதி கோவளத்தில் காலமானார். வேலை நிற்கவில்லை. அகமதாபாத்தில் யஷ்பால் முதலானோர் எடுத்து நடத்தினார்கள். ஆந்திரம், கர்நாடகம், ஒரிஸ்ஸா, பீஹார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு ராஜ்யங்களில், ராஜ்யத்துக்குச் சுமார் 400 வீதம் 2,400 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலும் பின்தங்கிய ஜில்லாக்கள். டெலிவிஷன் பெட்டிகள் ஹைதராபாத்தில் தயாராயின. கூரைமேல் வைக்கும் குடைக்கு என்ன உபயோகித்தார்கள் தெரியுமா? கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலை! பத்தடி அகலத்துக்கு அதை வளைத்துக் கட்டினால் போதுமானதாக இருந்தது.

1975-ம் வருஷம் ஜூலையில், அமெரிக்கரும் ருஷ்யரும் விண்வெளியில் கை குலுக்கிய அப்பல்லோ-சோயூஸ் பயணத்தின் படங்களைப் பூமிக்கு அனுப்ப இதே சந்திரன் உதவியது. ஆகஸ்டு 1-ந் தேதி கிராமத்துச் சேவையில் அமர்ந்தது. அப்போது அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி, மாலையில் ஊராருக்கு இரண்டரை மணி. ஒரே படத்துக்கு இரண்டு குரல் அனுப்ப வசதி இருந்ததால், ராய்ச்சூரில் கன்னடம் பேசிய அதே மனிதர் தெலுங்குக் கிராமத்தில் தெலுங்கு பேசினார்.

அவசர நிலைப் பிரகடனமாகி ஐந்து வாரமே ஆகியிருந்த சமயம். நிகழ்ச்சி தயாரித்ததோ சர்க்கார் ரேடியோ. ஊருக்கு ஊர் சர்க்காரின் தமுக்கு வந்துவிட்டது என்று சந்தேகித்தவர்களைக் குறை கூற நான் தயாராக இல்லை. கடன் கொடுத்தவன் வாயைக் கட்டிவிட்டோம். சொந்த வீட்டுக்காரன் வாயை யார் கட்டுவது?

நமது அயலிலும் ஒரு பெட்டி இருந்தது. இப்படி ஆகாயத்தில் அஞ்சல் நிலையம் வைக்கலாம் என்று 1945-லேயே எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஆர்தர் கிளார்க் கொழும்பில் குடியிருந்தார். அவர் வீட்டுக்கு நம் எஞ்சினீயர்கள் போய் ஒரு குடையை மாட்டிவிட்டு வந்தார்கள். எழுத்தாளனுக்கு அவன் எழுதியதே வீடு தேடி வந்தது. அந்த பாக்கியம் எத்தனை பேருக்குக் கிட்டும்? (எனக்குத் திரும்பி வந்த கதைகள்தான் வீடு தேடி வந்திருக்கின்றன.)

பலன் என்ன என்று பார்க்கச் சில கிராமங்களில் ஆராய்ச்சியாளர்கள் போய்த் தங்கினார்கள். முதல் நாட்களில் திருவிழாக் கூட்டம், நாளடைவில் குறைந்தது. குடியானவர்கள் டெலிவிஷன் சொன்னபடி உழுது விதைத்துவிடவில்லை. ஆனால் எழுத்து வாசனையே இல்லாத பெண்கள், உடல் நலம் பற்றிய விஷயங்களை மற்றவர்களைவிட அதிகமாகவே கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு விஞ்ஞானப் பாடப் பயிற்சியும் நடந்தது.

1976 ஜூலை 31-ந் தேதி கெடு முடிந்தது. சந்திரனை மேற்கே நகர்த்திக்கொண்டு போனார்கள். 1979-ல் அதன் வேலையே நிறுத்தப்பட்டது. தரை நிலையங்களைக் கொண்டு சில கிராமங்களுக்குப் படம் மீண்டது. நமக்கென்று இன்ஸாட் 1982-ல் போயிற்று, சில மாதங்களிலேயே செயலற்றது. 1983-ல் போன அடுத்ததுதான் நிலைத்தது. அதுவும் அமெரிக்காவில் செய்ததே, அமெரிக்க விண்கலத்தில் போனதே. ஆனால் விலை கொடுத்து வாங்கியது. டெலிவிஷனோடு மேகங்களையும் படம் பிடித்தது. நம் கடற்கரை ஊர்களுக்குப் புயல் எச்சரிக்கையும் அனுப்பியது. 1976-க்கும் 1983-க்கும் இடையே ஏழு வருஷம். ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடும்.

இவ்வளவும் நான் பின்னால் தெரிந்துகொண்டவை. ரயிலில் அவரிடம் கேட்டது வேறு. "கடைசி நாளைக்கு என்ன செய்தீர்கள்?"

"அன்றைக்கு ஒன்றும் இல்லை, ஸார். மறுநாள்தான். நேரமாயிற்று என்று எல்லோரும் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் அம்மா முன் வரிசை. வாத்தியார் பூட்டைத் திறக்கவில்லை. இனி வராது என்று அவர் எத்தனையோ சொன்னார். ஒரு வாரம் வரை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்."

"உங்கள் அம்மா என்ன சொன்னார்கள்?"

"குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் என்ன கொடுப்பது என்று பாதி சொல்லியிருந்தார்களாம். மீதியை எப்போது சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்."

ராய்ச்சூர் வந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கப் போனவர், வாசற்படியில் நின்று, "அந்தக் கம்பி வலை, ஸார், கடைசியில் கோழிக்கூட்டுக்குத்தான் போயிற்று" என்று சொல்லிச் சிரித்தார்.