துடிக்கும் நிழல்

ஒரு புகைப்படம், சம்பவம் நடந்தது என்பதைக் காட்டும். அது எவ்வாறு நடந்தது என்பதைக் காட்டாது. பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த இந்தப் பாடம் இருதயத்துக்கும் பொருந்தும். நெஞ்சின் எக்ஸ்றே படம் இருதயத்தின் பருமனைச் சொல்லும்; அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு அசையும் படம் வேண்டும். அதைப் பெறுவதற்கு மனிதர் கொடுத்த விலை பெரிது.

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். மறு ஆண்டிலேயே வைத்தியர்கள் இருட்டறையில் நின்று, துடிக்கும் இருதயத்தின் நிழலை ஒளிர்திரையில் நேரே பார்க்கத் தொடங்கிவிட்டனர். பொஸ்டன் நகரின் பிரான்சிஸ் வில்லியம்ஸ் அவர்களுள் முன்னோடி. 1897இல் கிளாஸ்கோவில் ஜோன் மக்கின்டயர், தவளைக் கால் ஒன்றின் அசைவை எக்ஸ்றே மூலம் சினிமாவாகவே காட்டினார்.

ஆனால், திரையைப் பார்த்தவர்கள் மீதும் கதிர் பட்டது. எடிசனின் ஆய்வுகூடத்தில் இத்திரைகளைச் சோதித்த கிளாரன்ஸ் டாலி, இரு கைகளையும் இழந்து 1904இல் புற்றுநோயால் இறந்தார்.

இத்தனைக்கும் திரையில் தெரிந்தது இருதயத்தின் வெளிவிளிம்பு மாத்திரமே. அதன் அறைகளும் அவற்றினுள் ஓடும் குருதியும் ஒரே நிழலாகக் கலந்து நின்றன. உள்ளே செல்ல வழி காட்டியவர் வேர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர். 1929இல் எபர்ஸ்வால்ட் வைத்தியசாலையில், மேலதிகாரியின் தடையையும் மீறி, தமது கை நாளத்தினூடாக 65 சென்ரிமீற்றர் நீளமான குழாயைச் செலுத்தினார். பின்னர் எக்ஸ்றே அறைக்கு நடந்து சென்று, ஒளிர்திரையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி அதனை இருதயம்வரை கொண்டு சென்றார். பாராட்டுக்குப் பதிலாக ஏளனமே கிடைத்தது. அவர் சிறுநீரக வைத்தியத் துறைக்குப் போய்விட்டார். நியூயோர்க்கில் அவரது முறையை வளர்த்தெடுத்து, இருதயம் வெளியேற்றும் குருதியை அளந்த குர்னான், ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் அவருக்கும் 1956இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1958இல் கிளீவ்லாண்டில் மேசன் சோன்ஸ் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, குழாயின் நுனி நோயாளியின் வலது முடியுரு நாடிக்குள் தற்செயலாக நழுவியது. செலுத்திய சாயம் அந்த நாடிக்குள் பாய, இருதயம் சில விநாடிகள் நின்றது; நோயாளியை இருமச் சொன்னதும் மீண்டும் துடித்தது. இன்று உலகெங்கும் செய்யப்படும் அஞ்சியோகிராம் பரிசோதனை அந்த விபத்திலிருந்து பிறந்ததே.

இதற்கிடையில், 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹேர்ட்ஸும் ஒலியலை கொண்டு இருதய அசைவைப் பதிந்தனர். கதிரும் இல்லை, குழாயும் இல்லை. இருதயத்தின் தொழிற்பாட்டை அளக்கும் வேலையைப் பெரும்பாலும் அந்த 'எக்கோ' எடுத்துக்கொண்டது.

ஆயினும் அசையும் எக்ஸ்றேயின் கதை முடிந்துவிடவில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த புதிய முறையில், விநாடிக்கு சுமார் 15 படங்கள் மிகக் குறைந்த கதிரளவில் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் நிழலின் அடர்த்தி சற்றே கூடிக் குறைவதைக் கணினி கணித்து, இருதயமும் நுரையீரலின் குருதியோட்டமும் எவ்வாறு மாறுகின்றன என்று காட்டுகிறது. குழாயும் சாயமும் தேவையில்லை. 'எக்கோ'வுக்குப் பதிலாக இது வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை, ஆய்வுகள் தொடர்கின்றன.

வில்லியம்ஸ் இருட்டில் கண்ணால் மதிப்பிட்ட அதே நிழலைத்தான் இன்று கணினி எண்ணிப் பார்க்கிறது. இடையில் எரிந்துபோன கைகளை நாம் மறக்கலாகாது.