குடும்பக் கட்டுப்பாடு: கணக்கும் ஆட்சியும்

குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் தேசியத் திட்டமாக முதலில் ஏற்ற நாடு இந்தியா. 1951 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 36 கோடி என்று தெரிந்தது. மறு ஆண்டே திட்டம் தொடங்கியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கென 65 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். காந்தியவாதியான சுகாதார அமைச்சர் அம்ருத் கௌர் செயற்கை முறைகளை ஏற்காததால், தொடக்கத்தில் பாதுகாப்பான நாட்களைக் கணக்கிடும் முறைக்கே முதலிடம். நாள் எண்ணத் தெரியாத பெண்களுக்கு வண்ண மணி கோத்த மாலைகளைக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

1958இல் ஆன்ஸ்லி கோல், எட்கர் ஹூவர் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் இந்தியாவை முன்வைத்து ஒரு நூல் எழுதினார்கள். பிறப்பு குறையாவிட்டால் சேமிப்பும் முதலீடும் கரைந்து வளர்ச்சி தடைப்படும் என்பது அவர்கள் வாதம். திட்டமிடுவோருக்கு இது வசதியாக இருந்தது. வறுமைக்கான காரணத்தை நில உடைமையிலோ கூலியிலோ தேட வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு இத்தனை கருத்தடை ஆபரேஷன் என்று இலக்கு வைத்தால் போதும் என்றாகிவிட்டது.

இதே காலத்தில் பஞ்சாபின் லூதியானா மாவட்டக் கிராமங்களில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கருத்தடை மாத்திரை கொடுத்துச் சோதித்தார்கள். மக்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். பிறப்பு விகிதத்தில் அதனால் சொல்லும்படி மாற்றம் வரவில்லை. பின்னர் மஹ்மூத் மம்தானி என்ற ஆய்வாளர் அந்தக் கிராமங்களில் ஒன்றான மனுப்பூருக்குப் போனார். ஒரு வீட்டில் அந்த மாத்திரைப் பெட்டிகளையும் புட்டிகளையும் அலங்காரப் பொருள்போல மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் மனம் நோகக் கூடாதென்று வாங்கியவை அவை. வயலில் இறங்க மகன்களை நம்பியிருந்த குடும்பத்துக்குப் பிள்ளை பாரமல்ல, பலம். 1972இல் வெளியான மம்தானியின் நூல் இதைத்தான் சொன்னது. 1975இல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கேரள ஆய்வும், பெண் கல்வி பரவி, குழந்தை இறப்பு குறைந்த இடத்தில் வருமானம் உயராமலே பிறப்பு குறைவதைக் காட்டியது.

ஆட்சியாளர்களை ஈர்த்ததோ வேறு கேரளம். 1971இல் எர்ணாகுளத்தில் திருவிழாபோல நடந்த முகாமில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டார்கள். ரொக்கமும் அரிசியும் துணியும் கிடைத்தன. பஞ்சம் பிழைப்பவன் பணத்துக்காக ஒப்புவதை விருப்பம் என்று எழுதிக்கொள்வது எளிது.

வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்று 1974இல் புக்காரெஸ்ட் மக்கள்தொகை மாநாட்டில் பேசியவர் அமைச்சர் கரண் சிங். 1976 ஏப்ரலில் மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்து, மாநிலங்களுக்கான மத்திய உதவியில் 8 சதவீதத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனையோடு பிணைத்தவரும் அவரே. நெருக்கடி நிலையின் பலத்தில் இலக்கு வேட்டையாக மாறியது. ஆள் பிடித்துத் தராத ஆசிரியர்களின் சம்பளம் நின்றது. அரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் வளைத்து ஆண்களை அள்ளிச் சென்றது. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேல் அறுவைகள். அவற்றோடு தொடர்புடைய 1,774 சாவுகளை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்தது.

1977 தேர்தலில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஜனதா ஆட்சி திட்டத்தின் பெயரைக் குடும்ப நலம் என்று மாற்றியது. ஆண்களைத் தொட அதன்பின் எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. சுமை முழுவதும் பெண்கள் மேல் இறங்கியது. 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டுக்குப் பின், 1996இல் மத்திய அரசு இலக்குகளைக் கைவிட்டது. முகாம்கள் தொடர்ந்தன. 2014இல் பிலாஸ்பூர் அருகே சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்த முகாமையும், அந்நாட்களில் அங்கே 13 பெண்கள் இறந்ததையும் அடுத்து, 2016இல் உச்ச நீதிமன்றம் முகாம்களை மூன்றாண்டுகளில் நிறுத்தச் சொன்னது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3.

1976இன் இன்னொரு முடிவும் இன்றுவரை பேசப்படுகிறது. பிறப்பைக் குறைக்கும் மாநிலங்கள் நாடாளுமன்ற இடங்களை இழக்கக் கூடாதென்று, 42ஆம் திருத்தம் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் இடங்களின் பங்கீட்டை உறைய வைத்தது. 2001இல் வந்த 84ஆம் திருத்தம் அந்தத் தடையை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. தமிழ்நாடும் கேரளமும் தொகுதி மறுவரையறையை எதிர்த்து வாதாடுவது இந்த வாக்குறுதியை முன்வைத்தே.