தலையில் விழுந்த உளி

யாழ்ப்பாணத்துப் புத்தூருக்கு மேற்கே உள்ள கந்தரோடையில் போல் பீரிஸ் 1917 தொடக்கம் செய்த ஆய்வுகளில் உரோமக் காசுகள் கிடைத்தன. அவை செப்புக் காசுகள். உரோமப் பொன்னைக் குவியலாகக் காண நாம் பாக்குநீரிணையைக் கடந்து புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். அங்கே 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் ஒரே புதையலாக வெளிப்பட்டன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையான பேரரசர்கள் வெளியிட்டவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு ஒன்று ஆழமாக ஓடுகிறது. உரோமப் பேரரசின் பெருமை தமிழ் மண்வரை எட்டியதற்கு இக்காசுகளைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அந்த வெட்டைப் பார்த்தபின் எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பெருமை கடலோடு நின்றுவிட்டது. இங்கே வந்து சேர்ந்தது எடையும் மாற்றும்தான்.

திபேரியஸின் பொற்காசை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மாலை சூடிய தலை. தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன் இவன் என்று சுற்றியுள்ள இலத்தீன் எழுத்துகள் அறிவிக்கின்றன. மறுபக்கம் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண். இவ்வளவும் உரோமக் குடிகளுக்குச் சொல்லப்பட்ட செய்தி. முகத்துக்கு மதிப்பே இல்லையென்றால் உளி ஏன் சரியாக அதன்மேல் விழுந்தது என்று கேட்கலாம். உருவ வழிபாட்டின் மீதான வெறுப்பு என்பாரும் உண்டு. வெறுப்பென்றால் மறுபக்கத்துப் பெண்ணுருவம் தப்பியிருக்காது. தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்கவே வெட்டினார்கள் என்று நாணயவியலாளர் ஜார்ஜ் ஹில் கருதினார், அதுவே பொருந்துகிறது. வெட்டியவருக்கு அந்த முகம் எடைக்கான உறுதிமொழி. உறுதி குலைந்ததும் முகத்தை வெட்டினார். நம் தாலிக்கொடியில் பவுண் காசைக் கோத்தவர்களும் பிரித்தானிய முடிமீதுள்ள பற்றினால் கோக்கவில்லையே.

இலங்கை மன்னர்கள் உரோமக் காசைக் கண்டு வியந்ததாக இரு கதைகள் உள்ளனவே என்பது வலுவான மறுப்பு. கிளாடியஸ் காலத்தில் காற்றில் அடிபட்டு இத்தீவுக்கு வந்தவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை மன்னன் பார்த்ததாகப் பிளினி எழுதுகிறார். 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் சொல்லும் கதையில், உரோம வணிகன் சோபாட்ரஸ் நீட்டிய பொற்காசு பாரசீகனின் வெள்ளிக் காசை வெல்கிறது. இரண்டும் உரோமத் தரப்பில் எழுதப்பட்டவை, தம் அரசைப் புகழ்பவை. அப்படியிருந்தும் பிளினியின் மன்னன் வியப்பது, முகங்கள் வெவ்வேறாயினும் எடை ஒன்றாயிருப்பதை. காஸ்மாஸின் மன்னனுக்கு முன்னே கிடப்பதோ பொன்னும் வெள்ளியும். தீர்ப்பில் உலோகத்துக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்? வணிகரின் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. கி.பி. 64இல் நீரோ காசுகளின் எடையைக் குறைத்தார், வெள்ளியின் தூய்மையையும் தாழ்த்தினார். இந்தியப் புதையல்களின் உரோம வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும் பகுதி அதற்கு முந்தைய அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை.