துலாக்கோலைப் பிடிக்கும் கை

நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாகக் காட்டினார் வள்ளுவர். கோல் செம்மையாய் இருந்தால் மட்டும் போதுமா? அதைப் பிடிக்கும் கையைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதும் எண்ணத்தக்கதே. இந்திய உச்ச நீதிமன்ற வரலாற்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த ஆண்டு 1973.

இந்திய அரசியல் சட்டத்தின் 124ஆம் பிரிவு, நீதிபதிகளை நியமிக்கும் பொறுப்பைக் குடியரசுத் தலைவரிடம் அளித்தது. தலைமை நீதிபதியின் இடம் காலியானால் பணிமூப்பில் அடுத்தவரே அமர வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. அது மரபு மட்டுமே. எனினும், 1964இல் உடல்நலம் குன்றிய ஒருவரைத் தவிர்த்தது நீங்கலாக, அம்மரபு 1973 வரை பேணப்பட்டு வந்தது.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வெளியாயிற்று. பதின்மூன்று நீதிபதிகள் 68 நாட்கள் விசாரித்த வழக்கு அது. நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று எழுவர் தீர்ப்பளித்தனர். அறுவர் மாறுபட்டனர். இந்திரா காந்தி அரசுக்கு இத்தீர்ப்பு உவப்பாக இல்லை.

தலைமை நீதிபதி சிக்ரி அப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். தீர்ப்புக்கு மறுநாளே, அடுத்த தலைமை நீதிபதி ஏ.என். ரே என அறிவிக்கப்பட்டது. அவருக்கு மூத்தவர்களான ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரும் பதவி துறந்தனர். அம்மூவரும் எழுவரைச் சேர்ந்தவர்கள். ரே அறுவரைச் சேர்ந்தவர்.

அரசின் செயலுக்கு ஆதரவாக மக்களவையில் வாதிட்டவர் தமிழரான அமைச்சர் மோகன் குமாரமங்கலம். நீதிபதியின் சமூக நோக்கையும் அரசு கருத்திற்கொள்ளலாம் என்பது அவர் வாதம். பணிமூப்பு ஒன்றே தகுதியாகாது என்ற சட்ட ஆணையத்தின் கருத்தும் அவருக்குத் துணை நின்றது. ஆயினும், அவ்வாணையத்துக்குத் தலைமை வகித்த செதல்வாட் அவர்களே இந்நியமனத்தைக் கண்டித்தார். தகுதியைத் தேடுவது வேறு. தனக்கு இசைந்தவரைத் தேடுவது வேறு அல்லவா?

இதன் விளைவு நெருக்கடி நிலைக் காலத்தில் புலனாயிற்று. 1976 ஏப்ரல் 28 அன்று, விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் நீதிமன்றத்தை அணுக இயலாது என ரே உள்ளிட்ட நால்வர் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். 1977 சனவரியில் தலைமைப் பதவி காலியானபோது, மூத்தவரான அவரை விலக்கி, நால்வருள் ஒருவரான பேக் நியமிக்கப்பட்டார். கன்னா பதவி துறந்தார்.

அதன்பின் பணிமூப்பு மரபு மீண்டும் வேரூன்றியது. 1993இல் நீதிபதிகளைத் தெரிவு செய்வதில் மூத்த நீதிபதிகள் குழுவுக்கே முதன்மை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் வகுத்த நியமன ஆணையத்தை 2015இல் அந்நீதிமன்றமே நீக்கியது. மூடிய கதவுக்குள் நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்வதா என்ற குறை இன்றும் எழுகின்றது. அக்குறையைப் புறக்கணிக்க இயலாது. ஆயினும், ஆட்சியாளரின் விருப்பமே அளவுகோலானால் நேர்வது என்ன என்பதற்கு அந்த நான்கு ஆண்டுகளே சான்று.

2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தவறென்று நீக்கி, கன்னாவின் கருத்தை ஏற்றது. நாற்காலி அவருக்குக் கிட்டவில்லை. நாட்டின் சட்டத்தில் அவர் சொல் நிலைத்துவிட்டது.