கடவுள் மட்டும்: ஏற்காடு வரை வந்த ஒரு கொள்கை

தமிழில் 'முதல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வரிசையில் முன்னால் நிற்பது. இன்னொன்று, கடை வைப்பவர் போடும் பணம். வியாபாரத்தில் லாபம் குறைந்தால் எப்படியோ சமாளித்துவிடலாம். முதலுக்கே மோசம் வந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

"கடவுளுக்கே முதலிடம்" என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். இது எந்த 'முதல்'? ஞாயிறு காலையில் எல்லா வேலைக்கும் முன்னால் பூசைக்குப் போய்விட்டால் போதுமா? இல்லை, மற்ற எல்லாம் போனாலும் இது மட்டும் போகக்கூடாது என்று வைத்திருக்கும் முதலா? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாற்றுப் பதில் சேர்வராயன் மலையில் இருக்கிறது.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் மலை இது. உச்சியில் சேர்வராயன் குகைக் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டு வந்தார். காபித் தோட்டங்களைத் தொடர்ந்து வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் வந்தன, ஆலயங்கள் வந்தன, கன்னியர் மடங்களும் விடுதிப் பள்ளிகளும் வந்தன. அவற்றில் ஒன்று 1917-ல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளி. ஏரியைச் சுற்றிப் பார்க்க வரும் பலருக்கும் இந்தப் பெயர் தெரியும். அது யாருடைய பெயர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

யார் இந்த மாண்ட்ஃபோர்ட்?

லூயி மரி கிரிஞ்ஞோன் 1673-ல் பிரான்சின் பிரித்தானி பகுதியில் மாண்ட்ஃபோர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வக்கீல். குருவாகப் படிக்க ரென் நகரிலிருந்து பாரிசுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனார். வீட்டில் கொடுத்த பணத்தையும் புதுத் துணியையும் வழியில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, பிச்சைக்காரரின் கந்தலை வாங்கி உடுத்திக்கொண்டார். குடும்பப் பெயரை விட்டுவிட்டு, பிறந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். அவருடைய கொள்கை இரண்டே சொற்கள்: கடவுள் மட்டும்.

1700-ல் குருவானார். வெளிநாட்டுக்குப் போய் மறைப்பணி செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1706-ல் ரோமாபுரிக்கு நடந்தே போய்த் திருத்தந்தை 11ஆம் கிளமெண்டைப் பார்த்தார். திருத்தந்தையோ, "பிரான்சிலேயே வேலை இருக்கிறது, அங்கேயே செய்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல ஆசைதான். அது கடவுளுக்கான ஆசையும்கூட. ஆனாலும் அதை விட்டுவிட்டுத் திரும்பினார்.

அடுத்து வந்தது இதைவிடப் பெரிய சோதனை. பொன்ஷத்தோ என்ற ஊரில் மக்களைத் திரட்டிப் பெரிய கல்வாரி மலை ஒன்றை எழுப்பினார். 1709-லும் 1710-லும் ஆயிரக்கணக்கான விவசாயிகள் கூலி வாங்காமல் மண் சுமந்தார்கள். 1710 செப்டம்பரில் மந்திரிப்பு விழா. அதற்கு முந்தின நாள் ஆயரிடமிருந்து தடை வந்தது. எதிரிகள் கடல் வழியாக வந்து இறங்கினால் அந்த மேடு அவர்களுக்குக் கோட்டையாகிவிடும் என்று அரசு சந்தேகப்பட்டது. மேட்டை இடிக்க உத்தரவானது. மாண்ட்ஃபோர்ட் எதிர்த்துச் சண்டை போடவில்லை. தியானத்துக்குப் போய்விட்டார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடவுளுக்காகக் கட்டிய கட்டடம் வேறு, கடவுள் வேறு! கட்டடம் இடிந்ததும் விசுவாசமும் இடிந்தால், முதலிடத்தில் இருந்தது கட்டடம்தான்.

அவரைப் பற்றி இன்னொரு சம்பவமும் சொல்லப்படுகிறது. தினான் என்ற ஊரில் ஒரு நாள் இரவு, தெருவில் கிடந்த தொழுநோயாளி ஒருவரைத் தோளில் தூக்கி வந்து, தங்கியிருந்த வீட்டின் கதவைத் தட்டினாராம். "இயேசு கிறிஸ்துவுக்குக் கதவைத் திறங்கள்" என்று கூப்பிட்டாராம். தன் படுக்கையை நோயாளிக்குக் கொடுத்துவிட்டாராம். கடவுளுக்கு முதலிடம் என்றால் மனிதனுக்குக் கடைசி இடம் என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

1716-ல் 43 வயதில் இறந்தார். 1947-ல் புனிதர் பட்டம் பெற்றார்.

அங்கியா, வகுப்பறையா?

அவர் வழியில் வந்த அருட்சகோதரர்களின் சபையை 19ஆம் நூற்றாண்டில் கபிரியேல் தெஷே என்ற குரு வளர்த்தெடுத்தார். அவர்கள் புனித கபிரியேல் சகோதரர்கள் எனப்பட்டார்கள். பூசை வைக்கும் குருக்கள் அல்ல, வார்த்தைப்பாடு கொடுத்து ஆசிரியப் பணி செய்யும் துறவிகள். காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்தினார்கள்.

1901-லும் 1904-லும் பிரெஞ்சு அரசு கொண்டு வந்த சட்டங்கள் துறவற சபைகளை முதலில் கட்டுப்படுத்தின, பிறகு பள்ளி நடத்தவே கூடாது என்றன. அப்போது பிரான்சின் பல சபைத் துறவிகளுக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. அங்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஆசிரியராக அதே பள்ளியில் தொடரலாம். அல்லது அங்கியோடு நாட்டை விட்டுப் போகலாம்.

இதில் யார் கடவுளுக்கு முதலிடம் கொடுத்தவர்? பிள்ளைகளை விடக்கூடாது என்று அங்கியை விட்டவரா? வார்த்தைப்பாட்டை விடக்கூடாது என்று ஊரையும் உறவையும் விட்டவரா? எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருவரும் எதையோ இழந்தார்கள். இழந்தது எதுவாக இருந்தாலும், எதைக் காப்பாற்ற இழந்தார்கள் என்பதுதான் கேள்வி.

கபிரியேல் சகோதரர்கள் 1901-ல் தாய்லாந்துக்கும் 1903-ல் இந்தியாவுக்கும் வந்தார்கள். 1917-ல் ஏற்காட்டில் பள்ளி திறந்தார்கள். வெளிநாடு போக ஆசைப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவரின் பெயர், 200 வருடம் கழித்துச் சேர்வராயன் மலை ஏறியது!

நம் ஊர்க் கதை

தமிழ்நாட்டுத் திருச்சபையும் இதே கேள்வியைச் சந்தித்தது, வேறு வடிவத்தில். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்துக்குள், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பீடம் ஒன்று, கடவுள் ஒருவர், நடுவில் சுவர்! 1910-ல் அதை இடித்தார்கள். உயர்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் தனி இடம் கேட்டு வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

பொன்ஷத்தோவில் இடிந்தது பக்தியோடு கட்டியது. வடக்கன்குளத்தில் இடிந்தது சாதி கட்டியது. முன்னதை இழந்தும் ஒருவர் அமைதியாக இருந்தார். பின்னதைக் காப்பாற்றச் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். யாருக்கு எது முதல் என்பது இடிக்கும்போது தெரிந்துவிடுகிறது.

இன்றும் ஒரு பங்கின் வாழ்க்கையை இதே அளவுகோலால் அளக்கலாம். திருவிழாவில் யார் பெயரை முதலில் வாசிப்பது, கல்வெட்டில் யார் பெயரைப் பொறிப்பது, முன்வரிசையில் யார் உட்காருவது என்றுதான் சண்டை வருகிறது. கதவைத் தட்டுபவரை உள்ளே விடுவது யார் என்று சண்டை வருவதில்லை.

லாபம் போகலாம், பெயர் போகலாம், கட்டடமும் போகலாம். முதல் இருக்கிறதா என்பதை மட்டும் அவ்வப்போது கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.