மெக்கானிக் முன்னால் மட்டும் ஓடும் வண்டி

அப்பாவின் 2003 மாடல் கார் உச்சி வெயிலில் அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். போன சித்திரையில் அம்மாவோடு மேம்பாலத்து நடுவில் நின்றது. ஒர்க்‌ஷாப்பில் மட்டும் அணையவே அணையாது. "கம்ப்யூட்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். அவர்கள் சொன்ன விலை வண்டி மதிப்பில் பாதி.

இந்தக் கண்ணாமூச்சிக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1967இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக், ஃபோக்ஸ்வாகன் 1600இல் ஏறியது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அதில் மின்சுற்று முடிவுசெய்தது. கார்புரேட்டர் அடைத்தால் கழற்றிப் பார்க்கலாம். மின்கோளாறோ தடமே விடாமல் போய்விடும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானதும் கோளாறுகளுக்குப் பொதுவான எண் கிடைத்தது. ஆனால் எந்தச் சுற்றில் சிக்கல் என்றுதான் அந்த எண் சொல்லும். கெட்டது பார்ட்ஸா வயரா என்று சொல்லாது. எண்ணைப் பார்த்துப் பார்ட்ஸ் மாத்துற பழக்கம் அங்கேதான் வேர்விட்டது என்பது என் கணிப்பு. எங்கள் வண்டியில் அந்த எண்கூட வரவில்லை.

தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஸ்கேனரைத் தொடவில்லை. "நின்னதும் சாவியைப் போட்டா பெட்ரோல் பம்ப் சத்தம் வருதா?" என்று மட்டும் கேட்டார். வராது. அக்காவின் ஹேர் டிரையரை வாங்கி, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் ரிலே மேல் சூடான காற்றை அடித்தார். சில நிமிடத்தில் இன்ஜின் அணைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ரிலேயைத் திறந்தால், ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை விரிசல். சூட்டில் விரிந்து விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். மறுபடி சால்டர் வைத்தார். கூலி 150 ரூபாய்.

டிரையரைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மா கேட்டாள்: "இதுக்காடா ரெண்டு மாசம்?"